எரிய மறுக்கும் காற்று: நூலகங்களும் நெருப்பும்

ஜெர்மனியில் வைமார் என்று ஒரு சின்ன ஊர். மகாகவி கதே வாழ்ந்து மறைந்த ஊர் என்பதால் இலக்கியம் படிப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட புண்ணியத்தலம் மாதிரி. அங்கே அன்னா அமாலியா என்ற கோமகளின் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. 1691-ல் தொடங்கியது. கதேயே முப்பது வருடங்களுக்கு மேல் அதன் மேற்பார்வையாளராக இருந்தார். 1998-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் அதுவும் சேர்ந்தது.

2004 செப்டம்பர் 2, வியாழக்கிழமை இரவு, அந்தக் கட்டிடத்தின் மேல்பகுதியில் தீப்பிடித்தது. மின்சாரக் கோளாறுதான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். ஊழியர்களும் ஊர்ஜனங்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, ஆயிரக்கணக்கான புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். நூலக இயக்குநர் மிக்கேல் க்னோஹெ உள்ளே போய், 1534-ல் அச்சான மார்ட்டின் லூதரின் பைபிளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். ஆனாலும் சுமார் 50,000 நூல்கள் சாம்பலாயின. இன்னும் 62,000 நூல்கள் தீயாலும் தண்ணீராலும் கெட்டுப்போயின.

இதில் நெஞ்சை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புத்தகங்களுக்காகவே நிலத்துக்கு அடியில் பாதுகாப்பான புதுக் கிடங்கு கட்டியிருந்தார்கள். இடமாற்றம் தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி. நெருப்புக்கு அந்தப் பொறுமை இல்லை.

நூலகம் எரிவது ஒன்றும் புதிதில்லை. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பிரச்சினையை வேறு திசையிலிருந்து சிலர் யோசித்ததுதான் புதிது. "பற்றிக்கொண்ட தீயை எப்படி அணைப்பது?" என்பது பழைய கேள்வி. "தீ பற்றவே முடியாத அறை ஒன்றைச் செய்ய முடியாதா?" என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

தண்ணீர் என்ற இரண்டாவது எதிரி

புதுக் கேள்வி ஏன் தேவைப்பட்டது என்று புரிய, இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் பணிப் பதிவேடுகள் அங்கே ஒரு பெரிய கட்டிடத்தில் இருந்தன. 1950-களில் அதைக் கட்டும்போதே ஒரு விவாதம் நடந்தது. கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா, வேண்டாமா? குழாய் ஒழுகினால் ஆவணம் நனைந்துவிடுமே என்ற பயம் அந்தக் காலத்து ஆவணக்காப்பாளர்கள் பலருக்கும் இருந்தது. கடைசியில் ஆவணங்கள் இருந்த தளங்களில் ஸ்பிரிங்க்ளர் வைக்கவில்லை.

1973 ஜூலை 12 நள்ளிரவு தாண்டியதும் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. முழுவதும் அணைய நான்கு நாட்களுக்கு மேல் ஆனது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் போயின. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் பதிவுகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. தீ எப்படித் தொடங்கியது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை.

பழைய காகிதம்தானே என்று நினைக்க வேண்டாம். போரில் காலை இழந்தவர் ஓய்வூதியம் கேட்டுப் போனால், "நீங்கள் ராணுவத்தில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்கள். அந்த ஆதாரம்தான் எரிந்துபோனது. எரியாமல் தப்பிய கோப்புகளும் தீயணைப்புத் தண்ணீரில் ஊறி, ஜூலை மாத வெக்கையில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தன. பிறகு விமானம் தயாரிக்கும் மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் வெற்றிட அறையில் வைத்து அவற்றை உலர்த்தினார்கள்.

இரண்டாவது, சோவியத் யூனியனின் லெனின்கிராட். இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மகா பீட்டர் மன்னர் காலத்தில், 1714-ல் தொடங்கிய அறிவியல் அகாதமி நூலகம் அங்கே இருக்கிறது. 1988 பிப்ரவரி 14 அன்று அங்கே தீப்பிடித்தது. எரிந்து அழிந்தவை மூன்று முதல் நான்கு லட்சம் நூல்கள். தண்ணீரில் நனைந்தவை எவ்வளவு தெரியுமா? சுமார் 36 லட்சம்! அதாவது நெருப்பு தொட்டதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கைத் தண்ணீர் தொட்டுவிட்டது. நகரத்து மக்கள் நனைந்த புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், உலர்த்தி, திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நூலகருக்கு இதனால்தான் தர்மசங்கடம். தண்ணீர் இல்லாவிட்டால் செயின்ட் லூயிஸ் கதி. தண்ணீரைக் கொட்டினால் லெனின்கிராட் கதி.

ஸ்பிரிங்க்ளர் விஷயத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சினிமாவில் ஒருவன் லைட்டரைக் காட்டியதும் கட்டிடம் முழுக்க மழை பெய்யும். நிஜத்தில் அப்படி இல்லை. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தெளிப்பானும் தனித்தனியாக வேலை செய்கிறது. தன் பக்கத்தில் சூடு சுமார் 70 டிகிரியை எட்டினால்தான் அது திறக்கும். ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று தெளிப்பான்கள் ஊற்றும் தண்ணீர், பிறகு தீயணைப்பு வண்டிகள் பீய்ச்சும் தண்ணீரைவிட மிகக் குறைவு. அமெரிக்காவின் பெரிய நூல் கிடங்குகள் பல இன்றுவரை ஸ்பிரிங்க்ளரைத்தான் நம்புகின்றன.

வாயுவால் அணைக்கும் முயற்சி

தண்ணீர் வேண்டாம் என்றால் வாயு. கரியமில வாயுவை அறைக்குள் நிரப்பினால் தீ அணையும். ஆனால் தீயை அணைக்கிற அளவுக்கு அந்த வாயு இருந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட மனிதரின் மூச்சும் அணைந்துவிடும்.

அடுத்து வந்தது ஹேலான் 1301. அறைக் காற்றில் கொஞ்சம் கலந்தாலே போதும், தீ அடங்கும். மனிதருக்கும் பெரிய ஆபத்தில்லை, புத்தகத்தில் ஒரு கறையும் படியாது. அருமருந்து கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அது பூமிக்கு மேலே உள்ள ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரியவந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1993 முடிவோடு வளர்ந்த நாடுகளில் ஹேலான் உற்பத்தி நின்றுபோனது. நூலகங்கள் மறுபடி முதல் படிக்கே வந்தன.

நைட்ரஜன், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களை வைத்து வேறு முறைகள் வந்தன. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. முதலில் தீ பிடிக்க வேண்டும், அதைக் கருவி கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் வாயு வரும். நடுவில் ஏதாவது ஒரு வால்வு மக்கர் பண்ணினால் கதை முடிந்தது.

தலைகீழ்ப் பாடம்: அப்போலோ 1

தீ எரிய மூன்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எரிபொருள், வெப்பம், ஆக்ஸிஜன். நூலகத்தில் எரிபொருளை, அதாவது புத்தகத்தை, எடுத்துவிட முடியாது. வெப்பத்தை முழுக்கத் தடுக்கவும் முடியாது. ஒரு பழைய ஒயர் போதும். மிச்சம் இருப்பது ஆக்ஸிஜன்.

ஆக்ஸிஜன் கூடினால் என்ன ஆகும் என்பதை 1967 ஜனவரி 27 அன்று உலகம் பார்த்தது. அமெரிக்காவின் அப்போலோ 1 விண்கலத்தில் ஏவுதளத்திலேயே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உள்ளே நிரப்பியிருந்தது சுத்த ஆக்ஸிஜன். எங்கேயோ ஒரு பொறி. சில நொடிகளில் கலம் முழுக்கத் தீ. கிரிஸம், வைட், சாஃபீ என்ற மூன்று வீரர்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஏவுதளத்தில் இருக்கும்போது கலத்துக்குள் 60 சதவீதம் ஆக்ஸிஜன், 40 சதவீதம் நைட்ரஜன் என்று மாற்றினார்கள்.

இதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். மீதியில் பெரும்பங்கு நைட்ரஜன். நைட்ரஜனைக் கூட்டி ஆக்ஸிஜனை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்? மெழுகுவத்தி சுமார் 16 சதவீதத்திலேயே அணைந்துவிடும். காகிதமும் அட்டைப்பெட்டியும் 14, 15 சதவீதத்தை ஒட்டி எரிய மறுக்கின்றன. கூடுதலாக இருக்கும் நைட்ரஜன் சும்மா நிற்பதில்லை. எரியத் தொடங்கும் இடத்தின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. தீ தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளத் தேவையான சூடு கிடைப்பதில்லை.

சரி, மனிதரால் அங்கே மூச்சுவிட முடியுமா? முடியும். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

தொட்டபெட்டாவும் தீக்குச்சியும்

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் போகும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள அறையில் கிடைப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். சுற்றுலா போகிறவர்கள் அங்கே கொஞ்சம் மூச்சு வாங்குவார்கள், அவ்வளவுதான். போட்டோ எடுத்துக்கொண்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டு இறங்கி வருகிறார்கள்.

ஆனால் தொட்டபெட்டாவில் தீக்குச்சி எரியும். டீக்கடை அடுப்பும் எரியும். அந்த 15 சதவீத அறையிலோ எரியாது. ஏன் இந்த வித்தியாசம்?

மலையில் காற்று மொத்தமாக மெலிந்திருக்கிறது. ஆனால் அதில் ஆக்ஸிஜனின் பங்கு அதே 20.9 சதவீதம்தான். நம் ரத்தம் பார்ப்பது ஆக்ஸிஜனின் அழுத்தத்தை. நெருப்பு பெரும்பாலும் பார்ப்பது ஆக்ஸிஜனின் பங்கை, அதாவது ஒவ்வொரு ஆக்ஸிஜன் மூலக்கூறுக்கும் கூட எத்தனை நைட்ரஜன் மூலக்கூறுகள் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ள நிற்கின்றன என்பதை. மனிதனுக்கும் நெருப்புக்கும் நடுவே இயற்கை இப்படி ஒரு சின்ன இடைவெளி விட்டு வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் நிற்கிறது.

விளையாட்டு வீரர்களுக்கு மலைக்காற்றைச் செயற்கையாகத் தரும் கருவிகளைச் செய்துவந்த இகோர் கோட்லியார் என்பவர், இந்த அடிப்படையில் 2001-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதே காலகட்டத்தில் ஜெர்மனியில் வாக்னர் நிறுவனமும் இதைக் கிடங்குகளுக்கும் கணினி அறைகளுக்கும் கொண்டுவந்தது. 2017-ல் ஐரோப்பாவிலும், 2019-ல் சர்வதேச அளவிலும் இதற்கென்றே தர விதிமுறைகள் வந்தன.

எப்படி வேலை செய்கிறது?

சிலிண்டர் சிலிண்டராக நைட்ரஜன் வாங்கத் தேவையில்லை. வெளிக்காற்றையே கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. அந்தக் காற்று மெல்லிய குழல்களால் ஆன வடிகட்டி வழியாகவோ, ஆக்ஸிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒருவகைக் கரித்துகள் வழியாகவோ போகிறது. ஆக்ஸிஜன் ஒரு பக்கம் பிரிந்துவிட, நைட்ரஜன் மிகுந்த காற்று கிடங்குக்குள் போகிறது. உள்ளே பல இடங்களில் உள்ள உணரிகள் ஆக்ஸிஜன் அளவை இடைவிடாமல் அளக்கின்றன. அளவு ஏறினால் நைட்ரஜன் வரும். மிகவும் இறங்கினால் நிற்கும், எச்சரிக்கை மணி அடிக்கும்.

புகை கண்டுபிடிக்கும் கருவிகளை இதற்காக எடுத்துவிடுவதும் இல்லை. சுவாலை வராவிட்டாலும் கோளாறான ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும், பொசுங்கும். அதை யாராவது போய்ச் சரிசெய்ய வேண்டும் அல்லவா?

பாஸ்டன் ஸ்பா

இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியது பிரிட்டிஷ் நூலகம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்ற ஊர் (அமெரிக்காவின் பாஸ்டன் இல்லை!). அங்கே 2009-ல் சுமார் 2.6 கோடி பவுண்டு செலவில் ஒரு கிடங்கைத் திறந்தார்கள். அலமாரிகளை வரிசையாக நீட்டிவைத்தால் 262 கிலோமீட்டர் வரும். உள்ளே ஆக்ஸிஜன் குறைத்த காற்று. புத்தகம் எடுப்பவை இயந்திரக் கைகள்.

அடுத்தது செய்தித்தாள்கள். அவை லண்டனின் காலிண்டேல் பகுதியில், 1932-ல் திறந்த தனிக் கட்டிடத்தில் இருந்தன. 1940 அக்டோபரில் ஜெர்மானிய விமானக் குண்டு அதன்மேல் விழுந்து சுமார் 6,000 தொகுதிகள் அழிந்தன. செய்தித்தாள் காகிதம் மட்டமான மரக்கூழில் செய்வது. அதனால் வயதாக ஆக, தொட்டாலே நொறுங்கும், சீக்கிரமும் பற்றிக்கொள்ளும். காலிண்டேல் 2013-ல் மூடப்பட்டது. சுமார் 6 கோடி இதழ்கள் பாஸ்டன் ஸ்பாவுக்குப் பயணமாகி, 2015-ல் புதுக் கட்டிடம் திறந்தது. அங்கே குளிர்ச்சியும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில். ஆக்ஸிஜன் 14 முதல் 15 சதவீதம். இருட்டு. இயந்திரங்கள் மட்டும் நடமாடும் பெரிய கூடம்.

சுவிட்சர்லாந்தில் பல நூலகங்கள் சேர்ந்து ப்யூரோன் என்ற ஊரில் 2016-ல் திறந்த கூட்டுக் கிடங்கிலும் இதே முறைதான்.

இதில் என்ன சிக்கல்?

கேட்க நன்றாக இருந்தாலும் இது எல்லாருக்கும் பொருந்தாது. முதலில், கட்டிடம் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். நூறு ஜன்னல் உள்ள பழைய கட்டிடத்தில் இதை வைத்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அடுத்து, கம்ப்ரஸர் வருடம் முழுக்க ஓடியாக வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இதை நம்ப முடியாது. உள்ளே போகிற ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், நேரக் கட்டுப்பாடு வேண்டும். இதயநோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் போகக்கூடாது. இந்தக் காற்று பூச்சியையும் கொல்லாது. புத்தகப் பூச்சியைக் கொல்ல ஆக்ஸிஜனை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோக வேண்டும், அங்கே மனிதர் நிற்கவே முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாசகர்கள் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் இதை வைக்க முடியாது. குழந்தையும் வரும், தாத்தாவும் வருவார், கர்ப்பிணியும் வருவார். ஆக, இது மனிதர் இல்லாத கிடங்குக்கு மட்டுமான காவல்.

இந்தக் காவல் யாரிடமிருந்து என்ற கேள்வியும் இருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அங்கே ஒயர் கோளாறு இல்லை. மனிதர்கள் வந்து வைத்த தீ அது. 1992 ஆகஸ்டில் சரயேவோவின் தேசிய நூலகம் எரிந்ததும் குண்டு வீச்சில்தான். கதவை உடைத்தாலே வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். சுவரையே உடைப்பவர்களிடம் 15 சதவீதக் காற்று என்ன செய்யும்? விபத்திலிருந்து காக்கலாம். வெறுப்பிலிருந்து காக்கும் கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை.

எளிய காவலும் வேலை செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2021 ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவில் மலைக்காட்டில் பிடித்த தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தைத் தாக்கியது. வாசிப்பு அறை அழிந்தது. ஆனால் தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் அடித்தளத்தில் இருந்த சேகரிப்பின் பெரும்பகுதி எரியாமல் தப்பியது. அங்கேயும் தண்ணீர் தேங்கி நனைந்தவற்றை மீட்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது வேறு விஷயம்.

எரியாத புத்தகம், எட்டாத புத்தகம்

2023 அக்டோபர் கடைசியில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கிப்போட்டார்கள். அட்டவணை வேலை செய்யவில்லை. பாஸ்டன் ஸ்பாவில் இருந்த சேகரிப்பின் பெரும்பகுதி மாதக்கணக்கில் வாசகர்களின் கைக்கு வரவில்லை. ஒரு புத்தகமும் எரியவில்லை, ஒரு பக்கமும் நனையவில்லை. இருந்தும் படிக்க முடியவில்லை. நெருப்புக்குப் பயந்து புத்தகத்தை மனிதர் நுழையாத இடத்தில் வைத்தார்கள். அதனால் புத்தகத்துக்கும் வாசகருக்கும் நடுவே ஒரு கணினி மட்டும்தான் பாலமாக இருந்தது. பாலம் உடைந்ததும் இரண்டும் தனித்தனிக் கரையில் நின்றன.

இதற்காக அந்தக் கிடங்கைக் குறை சொல்ல முடியாது. ஓய்வூதியம் கேட்டு நின்ற அந்த வயதான சிப்பாய்களிடம் கேட்டால், கோப்பு ஆறு மாதம் கழித்துக் கிடைத்தாலும் பரவாயில்லை, சாம்பலாகாமல் இருந்தால் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தாமதத்துக்கு மருந்து உண்டு. சாம்பலுக்கு இல்லை.

வைமார் நூலகத்தை மீண்டும் கட்டி, 2007 அக்டோபரில் திறந்தார்கள். தீயிலும் நீரிலும் பட்ட புத்தகங்களை உறையவைத்து, உலர்த்தி, பக்கம் பக்கமாகச் சரிசெய்யும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. அந்த வேலைக்கு ஆன செலவையும், காலத்தையும், ஒரு பழைய ஒயரை நேரத்தோடு மாற்ற ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் கொட்டி ஆக்ஸிஜனைக் குறைக்க எல்லா ஊராலும் முடியாது. ஒயரை மாற்றவும், தீக்கதவு வைக்கவும், ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அதை நகலெடுத்து வேறு ஊரில் வைக்கவும் எந்த ஊராலும் முடியும். அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது, அலமாரிக்கு மேலே தொங்கும் ஒயரை ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.